முப்பத்தேழரை டாலர் குதிரை

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது ஒரு முகாமில் முதன்முதலாகத் துப்பாக்கி சுட்டேன். .22 ரைஃபிள், ஆளுக்கு ஐந்து ரவுண்டு. குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்து, சினிமாவில் பார்த்த அத்தனை பேரையும் மனதில் நினைத்துக்கொண்டு சுட்டேன். தாளில் விழுந்தது இரண்டு. மற்ற மூன்றும் பின்னாலிருந்த மண்மேட்டுக்குள் போயிருக்க வேண்டும். பயிற்சி தந்த ஹவில்தார் திட்டவில்லை. காலி ரைஃபிளைக் கையில் கொடுத்து, குழலின் முனையில் ஒரு ரூபாய்க் காசை வைத்தார். "இப்ப அழுத்து தம்பி. காசு விழக்கூடாது."

விழுந்தது. திரும்ப வைத்தார். திரும்ப விழுந்தது. பத்தாவது முறையோ என்னவோ, 'டிக்' என்று சத்தம் கேட்டது, காசு அப்படியே இருந்தது. "குறி பாக்குறது எல்லாருக்கும் வந்துரும். விரலுதான் வராது" என்றார்.

அந்தக் காசு பல வருஷம் கழித்து, அமெரிக்கத் துப்பாக்கிகளின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது ஞாபகத்துக்கு வந்தது. (என்னிடம் துப்பாக்கி இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. இயந்திரங்களின் கதை என்றால் கிடைத்ததையெல்லாம் படிப்பேன், அவ்வளவுதான்.) அங்கே புதிதாகச் சுடப் பழகுகிறவர்கள் கேட்கும் கேள்வி தலைமுறைகள் தாண்டியும் மாறவில்லை. கையைக் கடிக்காத விலையில், ட்ரிகர் நன்றாக இருக்கிற கைத்துப்பாக்கி எது? கேள்வியின் இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. 1949இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஒருவர் அந்தப் பகையைத் தீர்த்துவைத்தார்.

அதற்கு முன், நல்ல ட்ரிகர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். துப்பாக்கிக்குள் இருக்கும் சுத்தியலுக்குத் தமிழில் பழைய பெயர் குதிரை. பேச்சு வழக்கில் விரல் வைக்கும் விசைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. உள்ளே நடப்பதை அந்தச் சொல்லே பாதி சொல்லிவிடுகிறது. ஸ்பிரிங்கின் அழுத்தத்தோடு குதிரை பாயத் தயாராக நிற்கிறது. ஒரு சின்னக் கொக்கி அதன் பள்ளத்தில் மாட்டி அதைப் பிடித்துவைத்திருக்கிறது. விரலின் வேலை அந்தக் கொக்கியை விலக்குவது. விலகியதும் குதிரை பாய்ந்து தோட்டாவின் பின்புறம் தட்டப்படுகிறது.

கொக்கியும் பள்ளமும் தொட்டுக்கொள்ளும் இடம் மிகச் சின்னது. அந்த இரண்டு பரப்புகளும் சொரசொரப்பாக இருந்தால், ட்ரிகர் துருப்பிடித்த ஜன்னல் கொண்டி மாதிரி விட்டு விட்டு நகரும். இப்போ வெடிக்குமா, இன்னும் கொஞ்சம் இழுக்கணுமா என்று தெரியாமல் விரல் திணறும். கடைசியில் பொறுமை போய் வெடுக்கென்று இழுப்போம், குழல் தாழும். ரைஃபிளுக்காவது தோளும் தரையும் முட்டுக்கொடுக்கின்றன. கைத்துப்பாக்கி நீட்டிய கையின் முனையில் அந்தரத்தில் நிற்கிறது. ஒரு கிலோ எடையுள்ள பொருளின் மேல் இரண்டு மூன்று கிலோ விசையைப் போட்டு, அது அசையக்கூடாது என்றால் எப்படி? நல்ல ட்ரிகரில் அழுத்தம் சீராக ஏறி, ஒரு புள்ளியில் காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல சட்டென்று விடுபடும். அந்த நொடி எப்போது வரும் என்று சுடுகிறவருக்கே துல்லியமாகத் தெரியாது. தெரிந்தால் உடம்பு முன்கூட்டியே மிரளும்.

இரண்டு பரப்புகளை வழவழப்பாக்குவதில் என்ன செலவு என்று தோன்றலாம். அன்றைக்கு அது கை வேலை. தேர்ந்த ஆள் ஒருவர் உட்கார்ந்து, கல்லில் தேய்த்து, மாட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி தேய்க்க வேண்டும். ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1915இல் வெளிவந்த கோல்ட் வுட்ஸ்மேன் அப்படிப்பட்ட துப்பாக்கி. கெட்டி எஃகைக் குடைந்து செதுக்கியது, அதற்கேற்ற விலை. மறுபக்கம் மலிவான ரிவால்வர்கள் இருந்தன. அவற்றில் பலவற்றில் குதிரையைப் பின்னுக்கு இழுப்பதும் விடுவிப்பதும் ஒரே விரலின் வேலை. நீளமான, கனமான இழுப்பு. ஆக, கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவர் கையில்தான் கற்றுக்கொள்ள மிகக் கடினமான கருவி போய்ச் சேர்ந்தது. மலிவான லேப்டாப்பில் நிரல் எழுதப் பழகிய எல்லோருக்கும் இந்த அநியாயம் புரியும். தப்பு உங்களுடையதா, கருவியுடையதா என்றே தெரியாது.

வில்லியம் பேட்டர்மேன் ரூகர் 1916இல் புரூக்ளினில் பிறந்தவர். கல்லூரியை முடிக்காமல் துப்பாக்கி வரையப் போனவர். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் கொஞ்ச காலம், பிறகு போர்க்காலத்தில் ஆட்டோ ஆர்ட்னன்ஸ் நிறுவனத்தில் இலகு ரக இயந்திரத் துப்பாக்கி வடிவமைப்பு. போர் முடிந்ததும் சொந்தமாகத் தச்சுக் கருவிகள் செய்யும் தொழில் தொடங்கினார். அது படுத்துவிட்டது. கையில் மிஞ்சியது சௌத்போர்ட் என்ற ஊரில் ஓர் எளிய பட்டறையும், பொருள்களை எப்படி மலிவாகச் செய்வது என்பது பற்றிய விலையுயர்ந்த அனுபவமும்.

இன்னொன்றும் அவரிடம் இருந்தது. பசிபிக் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க மரைன் வீரர் ஒருவரிடமிருந்து கிடைத்த ஜப்பானியக் கைத்துப்பாக்கி, கிஜிரோ நம்பு வடிவமைத்த 'பேபி நம்பு'. ரூகர் தன் கராஜில் அதைப் பார்த்து இரண்டு நகல்கள் செய்தார், ஆனால் விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. அதன் சாய்ந்த பிடியும், பின்பக்கம் இருக்கும் உருண்டையைப் பிடித்து இழுத்துத் தயார் செய்யும் முறையும் அவர் மனதில் தங்கிவிட்டன. பார்க்க ஜெர்மன் லூகர் மாதிரியே இருக்கும் தோற்றமும்தான். போரில் தோற்ற இரண்டு நாடுகளின் சாயல், வென்ற நாட்டுப் பையன்கள் தகர டப்பாவைச் சுட்டுப் பழகும் துப்பாக்கிக்கு வந்து சேர்ந்தது.

பணம் போட்டவர் அலெக்சாண்டர் ஸ்டர்ம். யேலில் கலை படித்தவர், ஓவியர், ஆயுதங்கள் சேகரிப்பவர், குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதியவர். அவர் மனைவி பாலினா, முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் பேத்தி. 1949இல் ஸ்டர்ம் 50,000 டாலர் கொடுத்தார், நிறுவனத்தின் சின்னமாகச் சிறகு விரித்த சிவப்புக் கழுகு ஒன்றையும் வரைந்து கொடுத்தார். ஸ்டர்ம், ரூகர் அண்ட் கம்பெனி என்று பெயர் வைத்தார்கள்.

ரூகரின் கெட்டிக்காரத்தனம், செலவை எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது என்று பிரித்ததில் இருக்கிறது. பிடிப்பகுதியை எஃகுக் கட்டியிலிருந்து செதுக்கவில்லை. தகட்டை அச்சில் அழுத்தி இரண்டு பாதிகளாக எடுத்து, நடுவில் பற்றவைத்தார். பற்றவைத்த கோடு தெரியாதபடி மெருகேற்றிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? மேல்பகுதி ஒரு எஃகுக் குழாய். வெடிக்கும்போது அந்தக் குழாய்க்குள் உருளை வடிவ போல்ட் மட்டும் முன்னும் பின்னும் ஓடும். பழைய பாணித் தட்டை ஸ்பிரிங்குகளுக்குப் பதில், பியானோக் கம்பி ரகச் சுருள் ஸ்பிரிங்குகள். மலிவு, சீக்கிரம் உடையாது.

வெட்டாத இடங்களையும் பாருங்கள். குழல் அசையாமல் பொருத்தப்பட்டது. குறிபார்க்கும் முன் முனையும் பின் பள்ளமும் நகராத பகுதியிலேயே இருந்தன. ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் போல்ட்டே குதிரையைப் பின்னுக்குத் தள்ளித் தயாராக்கிவிடும். விரலுக்கு மிச்சம் கொக்கியை விலக்கும் வேலை மட்டும்தான். அதனால் ட்ரிகரின் இழுப்பு குட்டையாகவும் இலேசாகவும் வந்தது. போதாக்குறைக்கு, அது சுட்டது .22 லாங் ரைஃபிள் என்னும் சின்னத் தோட்டா. 1887இலிருந்து புழக்கத்தில் இருப்பது, மலிவு, உதைப்பு அநேகமாக இல்லை. என்.சி.சி.யில் எனக்குக் கொடுத்ததும் அதே தோட்டாதான்.

விலை 37.50 டாலர். இன்றைய மதிப்புக்கு ஏறக்குறைய 500 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். கோல்ட் கேட்ட விலைக்குக் கிட்டவே வராது. 1949 கடைசியில் அமெரிக்கன் ரைஃபிள்மேன் பத்திரிகையில் ஜூலியன் ஹாட்சர் இதைப் பற்றி எழுதினார். ஓய்வுபெற்ற ராணுவ ஜெனரல், துப்பாக்கி நுட்பத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. நன்றாக இருக்கிறது என்று அவர் எழுதியதும் ஆர்டர்கள் குவிந்தன. ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் இன்னொரு முதலீடு தேவைப்படவில்லை. 1951இல் குறிபார்க்கும் பகுதியைத் திருகித் திருத்திக்கொள்ளும் வசதியோடு மார்க் ஒன் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்டர்ம் இறந்துபோனார், வயது 28. அவர் வரைந்த சிவப்புக் கழுகைத் துக்கத்தின் அடையாளமாக ரூகர் கறுப்பாக்கினார்.

எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. இந்தத் துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவது பெரும் பாடு. கழற்றுவதாவது பரவாயில்லை. திரும்ப மாட்டும்போது உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு கம்பி குதிரையின் பின்புறம் சரியாகப் போய் உட்கார வேண்டும். அதற்குத் துப்பாக்கியை இப்படிச் சாய்த்து, அப்படிக் கவிழ்த்து, ட்ரிகரை அழுத்தி ஒரு சின்ன நடனமே ஆட வேண்டும். எங்கள் தொழிலில் சொல்வதென்றால், பயனருக்கு இனிமை, பராமரிப்பவருக்குக் கொடுமை.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. தையல் மெஷினைப் பற்றி எழுதுவதுபோல எழுதியிருக்கிறேன். புதிதாகப் பழகுகிறவருக்கு எளிது என்றால் எல்லோருக்கும் எளிது என்றுதான் பொருள். 1968 ஜூன் 5 அன்று லாஸ் ஏஞ்சலஸின் அம்பாசடர் ஹோட்டலில் ராபர்ட் கென்னடியைச் சுட்டது ஒரு .22 ரிவால்வர். ஐவர் ஜான்சன் கம்பெனியின் மலிவான தயாரிப்பு. அந்த மாடலின் பெயர் 'கேடட்'. முகாமில் எங்களைக் கூப்பிட்ட அதே சொல். உதைக்காத, விளையாட்டுத்தனமான தோட்டா என்று மேலே நான் எழுதிய அதே தோட்டாதான் மறுநாள் அவரைக் கொன்றது.

அந்த அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதை ஒட்டி, இறக்குமதியாகும் கைத்துப்பாக்கிகளுக்கு அரசாங்கம் மதிப்பெண் போட ஆரம்பித்தது. இது விளையாட்டுக்கான ஆயுதமா, மலிவான கொலைக்கருவியா என்று பிரிப்பதற்காக. நீளத்துக்கு இத்தனை, எடைக்கு இத்தனை, திருத்தக்கூடிய குறிக்கு இத்தனை. பிஸ்டல் என்றால் 75 எடுத்தால் பாஸ். பட்டியலின் கடைசியில் ஒரு வரி உண்டு: போட்டித் தரத்திலான ட்ரிகருக்கு 2 மதிப்பெண். எனக்கு இந்த 2 மிகவும் பிடித்திருக்கிறது. ட்ரிகரில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று ஒரு அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது, எவ்வளவு என்றுதான் முடிவுக்கு வர முடியவில்லை. நல்ல ட்ரிகர் சுடுகிறவரின் எண்ணத்தைத் தாளுக்கு அப்படியே கொண்டுபோகும். எண்ணத்துக்கு மதிப்பெண் போட படிவத்தில் இடம் இல்லை. இன்னொன்று, இந்தப் படிவம் வெளிநாட்டுச் சரக்குக்கு மட்டும். கென்னடியைச் சுட்ட ரிவால்வர் உள்நாட்டில் செய்தது.

ரூகரின் துப்பாக்கி அதன் பாட்டுக்கு ஓடியது. 1982இல் மார்க் டூ. 2004இல் வந்த மார்க் த்ரீயில் பாதுகாப்புக்காக, மேகசினைக் கழற்றினால் சுடாதபடி உள்ளே ஒரு பூட்டு சேர்த்தார்கள். கூடுதலாக ஒரு உறுப்பு வந்து உரசியதும் ட்ரிகர் முன்புபோல இல்லை என்று பழைய ஆட்கள் புலம்பினார்கள். காலி மேகசின் என்று நினைத்து அறைக்குள் தங்கிவிட்ட ஒற்றைத் தோட்டாவை மறந்தவர்களின் கதைகளை யோசித்தால், அந்தப் புலம்பலோடு என்னால் முழுசாகச் சேர்ந்துகொள்ள முடியவில்லை.

2016இல் மார்க் ஃபோர். ரூகர் இறந்து 14 வருஷம் ஆகியிருந்தது. கழற்றி மாட்டும் கொடுமைக்கு ஒருவழியாக முடிவு கட்டினார்கள். பின்னால் ஒரு பொத்தான், அழுத்தினால் துப்பாக்கி வாயைத் திறந்துகொள்ளும். எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு வருஷத்துக்குள், 2017 ஜூனில், அதுவரை விற்ற அத்தனையையும் திரும்ப அனுப்பச் சொல்லி நிறுவனமே அறிவித்தது. குறை சேஃப்டி விசையில். அது 'பூட்டு'க்கும் 'திற'வுக்கும் நடுவில் அரைகுறையாக நிற்கும்போது ட்ரிகரை அழுத்தினால் வெடிக்காமல் போகலாம். விரலை எடுத்துவிட்டுப் பிறகு சேஃப்டியை மட்டும் 'திற' பக்கம் தள்ளினால், அப்போது வெடிக்கலாம். ட்ரிகரில் விரலே இல்லாமல்.

இரண்டே நிலைகள்தான் என்று நம்பி எழுதிய நிரலில் மூன்றாவதாக ஒரு நிலை ஒளிந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்களுக்கு அதிகபட்சம் இரவுத் தூக்கம் போகும். அங்கே அழுத்தப்பட்ட ட்ரிகர் ஒன்று, யாருக்கும் தெரியாமல், துப்பாக்கிக்குள் காத்துக்கொண்டிருந்தது.

சேஃப்டியை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். திரும்ப அனுப்ப வேண்டியவை எவை என்று வரிசை எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம். 2017இல் செய்தவை 401 என்று தொடங்கும். 2016இல் செய்த முதல் துப்பாக்கிகளின் எண், டபிள்யூ.பி.ஆர். என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும். வில்லியம் பேட்டர்மேன் ரூகர்.