சரக்கே இல்லாமல் ஒரு கடை: டிராப்ஷிப்பிங்கின் கதையும் கணக்கும்

இப்போதெல்லாம் வாரத்துக்கு ஒருத்தராவது கேட்டுவிடுகிறார்கள். "பாஸ், டிராப்ஷிப்பிங் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். நீங்கதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, ஒரு வெப்சைட் போட்டுக் குடுங்களேன்." வெப்சைட் போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். திங்கட்கிழமையிலிருந்து என்ன நடக்கும் என்பதுதான் விஷயம். அதைப் பற்றி யூட்யூபில் பேசுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் நேற்றுப் பிறந்த தொழில் மாதிரியே பேசுகிறார்கள். இதற்கு நூறு வருஷத்துக்கு மேல் சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தைப் படித்தாலே எவ்வளவு லாபம் எதிர்பார்க்கலாம் என்று ஓரளவு பிடிபட்டுவிடும். அதற்காகத்தான் இந்த (கொஞ்சம் நீளமான) பதிவு.

முதலில் தெரியாதவர்களுக்காக. தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சியிடம் ஒரு சாமான் கேட்கிறீர்கள். அவரிடம் இல்லை. இல்லை என்று சொல்வாரா? மாட்டார். "ரெண்டு நிமிஷம் இருங்க" என்று கடைப் பையனைப் பின்வாசல் வழியாகப் பக்கத்துக் கடைக்கு விரட்டுவார். சாமான் வரும், அவருக்கு ஒன்றோ இரண்டோ ரூபாய் மிஞ்சும். கடையில் இருக்கிற எல்லாச் சாமானையும் இப்படியே விற்றால் அதுதான் டிராப்ஷிப்பிங். ஆர்டர் உங்களிடம் வரும், பணமும் உங்களிடம் வரும், சரக்கு வேறு ஒருவரின் குடோனிலிருந்து நேரே கஸ்டமர் வீட்டுக்குப் போகும். நீங்கள் அந்தப் பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டீர்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே :-)

சரி, கதைக்கு வருவோம்.

1886. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன். ரிச்சர்ட் சியர்ஸ் என்கிற இளைஞர் அங்கே ஸ்டேஷன் ஏஜென்ட். உள்ளூர் நகைக்கடைக்காரருக்கு ஒரு பெட்டி நிறைய கைக்கடிகாரம், அதாவது பாக்கெட்டில் வைக்கிற செயின் கடிகாரம், வந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சியர்ஸ் அதை எடுத்து, ரயில் பாதையில் இருந்த மற்ற ஸ்டேஷன் ஏஜென்ட்களுக்குத் தந்தியில் சொல்லி விற்றுவிட்டார். 12 டாலர் கடிகாரத்தை 14 டாலருக்கு ஏஜென்ட்டிடம் கொடுத்தார், அதற்கு மேல் எவ்வளவுக்கு விற்றாலும் அது ஏஜென்ட் பாடு என்று சொல்வார்கள். கடைக்கு வாடகை கிடையாது, கைமுதலும் ஏறக்குறைய கிடையாது. ஆனால் இரண்டு விஷயம் இலவசமாகக் கிடைத்தது: தந்தி, ஏற்கனவே நம்பிக்கையான ஏஜென்ட்களின் வலைப்பின்னல். இந்த 'இலவசம்' என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

அந்த ஆள்தான் பிற்பாடு சிகாகோவில் ரோபக்குடன் சேர்ந்து சியர்ஸ், ரோபக் கம்பெனியை நடத்தியவர். கேட்டலாக் எழுதுவதில் மன்னன். சரக்கு எங்கே கிடைக்கும் என்று தெரிவதற்கு முன்னாலேயே விளம்பரம் எழுதிவிடுவாராம், ஆர்டர் குவிந்த பிறகுதான் சப்ளையரைத் தேடுவாராம். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது, தப்பான சைஸும் தாமதமும் சேர்ந்தே வந்தன. 1895-ல் துணி வியாபாரியான ஜூலியஸ் ரோசன்வால்ட் பங்குதாரராக உள்ளே வந்தார். கம்பெனியை ஒழுங்குக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு அவருக்கு. 1906-ல் சிகாகோவில் பிரம்மாண்டமான கிடங்கு வளாகம் எழும்பியது. சரக்கைக் கையில் வைத்து அனுப்ப ஆரம்பித்த பிறகுதான் சியர்ஸ் அசைக்க முடியாத கம்பெனி ஆனது.

இன்னொரு பக்கம், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே 'டிராப் ஷிப்பர்' என்ற பெயரிலேயே வியாபாரிகள் இருந்தார்கள். மேஜை வியாபாரிகள் என்றும் சொல்வார்கள். ஒரு மேஜை, ஒரு டெலிபோன், அவ்வளவுதான் ஆபீஸ். நிலக்கரி, மரம் மாதிரி வேகன் கணக்கில் நகரும் சரக்கு. அதை இறக்கி, அடுக்கி, மறுபடி ஏற்றினால் கூலியிலேயே லாபம் போய்விடும். அதனால் சுரங்கத்திலிருந்து நேரே வாங்குபவருக்கு. இங்கே டிராப்ஷிப்பிங்குக்கு நிஜமான காரணம் இருந்தது பாருங்கள். நடுவில் இருப்பவர் சரக்கின் தரத்தை அறிந்தவர், இரண்டு பக்கமும் பழக்கம் உள்ளவர், சரக்குக்கு உரிமையும் ஏற்றவர். வழியில் கெட்டால் நஷ்டம் அவருக்கு. லாப சதவிகிதம் மெலிசு, ஒரே கஸ்டமர் வருஷக்கணக்கில் வாங்குவார் என்பதால் கட்டுப்படியானது.

பொருள் கையில் இல்லாவிட்டாலும் பொறுப்பு கையில்தான் என்பதைச் சட்டமும் சொல்லிவிட்டது. 1975-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் தபால் ஆர்டருக்கு ஒரு விதி கொண்டுவந்தது. சொன்ன தேதிக்குள், தேதி சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் சரக்கை அனுப்ப வேண்டும், முடியாவிட்டால் கஸ்டமரிடம் சம்மதம் கேட்க வேண்டும், இல்லை என்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். "சப்ளையர் அனுப்பலீங்க" என்ற சால்ஜாப்பு செல்லாது.

அடுத்து இன்டர்நெட் காலம். இங்கே மூன்று கம்பெனிகளை வரிசையாகப் பார்த்தால் போதும்.

முதலாவது வேல்யூ அமெரிக்கா. 1996-ல் கிரெய்க் வின் என்பவர் வர்ஜீனியாவில் ஆரம்பித்தது. கம்பெனியின் தாரக மந்திரமே 'ஸ்டாக் வைக்காத கடை'. கம்ப்யூட்டரிலிருந்து பலசரக்கு வரை எல்லாம் விற்பார்கள், ஆர்டர் வந்ததும் தயாரிப்பாளருக்குத் தள்ளிவிடுவார்கள். ஃபெடெக்ஸின் ஃபிரெட் ஸ்மித், மைக்ரோசாஃப்டின் பால் ஆலன் எல்லாம் பணம் போட்டார்கள். 1998-ல் விற்பனை சுமார் 4 கோடி டாலர், நஷ்டம் 5 கோடிக்கும் மேல். (ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள்.) அப்படியும் 1999 ஏப்ரலில் 23 டாலருக்கு வெளியிட்ட பங்கு முதல் நாளே 70 டாலரைத் தாண்டிப் போய் 55 பக்கம் வந்து நின்றது. 2000 ஆகஸ்டில் திவால் மனு. அங்கே வேலை பார்த்த டேவிட் குவோ இதைப் பற்றி 2001-ல் 'டாட்.பாம்' என்று ஒரு புத்தகமே எழுதினார்.

ஏன் கவிழ்ந்தது? கடைகளுக்கு லாரி லாரியாக அனுப்பிப் பழகிய தயாரிப்பாளருக்கு ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு பொருளைக் கட்டி அனுப்பும் பழக்கம் இல்லை. ஒரே ஆர்டரில் மூன்று பொருள் கேட்டால் மூன்றும் மூன்று இடத்திலிருந்து மூன்று நாளில் வரும், ஒன்று வராமலே போகும். திட்டு வாங்குவது வேல்யூ அமெரிக்கா. கூடவே செய்தித்தாள்களில் பக்கம் பக்கமாக விளம்பரச் செலவு. குடோன் வாடகையை மிச்சம் பிடித்து, அதைவிட அதிகமாக விளம்பரத்திலும் ரீஃபண்டிலும் கொட்டினார்கள்.

இரண்டாவது அமேசான். 1995-ல் ஆரம்பித்தபோது அவர்களிடமும் புத்தக ஸ்டாக் அநேகமாகக் கிடையாது. ஆர்டர் வந்த பிறகு மொத்த வியாபாரியிடம் வாங்கி அனுப்புவார்கள். மொத்த வியாபாரி குறைந்தது பத்து புத்தகம் கேட்டால்தான் அனுப்புவார். அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்ததை ஜெஃப் பெசோஸே சொல்லியிருக்கிறார். வேண்டிய புத்தகம் ஒன்று, கூடவே பாசி வகையைப் பற்றிய, கையிருப்பே இல்லாத ஒரு புத்தகம் ஒன்பது என்று ஆர்டர் போடுவார்களாம். ஒரே புத்தகம் வரும், "அந்த ஒன்பது இல்லை, மன்னிக்கவும்" என்று கடிதமும் வரும். ஹி ஹி. ஆனால் அதே அமேசான்தான் 1990-களின் கடைசியில் கடன் வாங்கிக் குடோன் குடோனாகக் கட்டியது. முதல் முழு வருட லாபம் எப்போது தெரியுமா? 2003-ல். விற்பனை 526 கோடி டாலர், லாபம் மூன்றரைக் கோடி. நூறு டாலருக்கு விற்றால் 67 சென்ட். எட்டு வருஷம் கழித்து!

மூன்றாவது ஸாப்போஸ், செருப்பு-ஷூ விற்கும் கம்பெனி. 1999-ல் நிக் ஸ்வின்மர்ன் பக்கத்து ஷூ கடையில் போட்டோ எடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்தால் அதே கடையில் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். லாபத்துக்காக இல்லை, ஜனங்கள் பார்க்காமலே ஷூ வாங்குவார்களா என்று சோதித்துப் பார்க்கத்தான். பிறகு தயாரிப்பாளர்களே நேரே அனுப்பும் டிராப்ஷிப்பிங். 2003-ல் மொத்த விற்பனையில் சுமார் கால்வாசி அதிலிருந்து வந்துகொண்டிருந்தது. சிரமமில்லாத காசு. அதை டோனி ஷேவும் அவர் குழுவும் அப்படியே நிறுத்தினார்கள். சப்ளையர் கொடுக்கும் ஸ்டாக் விவரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் 95% தான் சரியாக இருந்தது, இருபது பேரில் ஒருவருக்கு "சாரி, சரக்கு இல்லை" என்று சொல்ல வேண்டி வந்தது என்பது அவர் சொன்ன காரணம். 2009-ல் அமேசான் ஸாப்போஸை வாங்கியது.

நம்ம பாஷையில் சொன்னால் ஸ்டாக் என்பது கேஷ் மெமரி மாதிரி. செலவு அதிகம், ஆனால் கேட்டவுடன் பதில் வரும். டிராப்ஷிப்பிங்கில் ஒவ்வொரு கேள்வியும் யாரோ ஒருவரின் டேட்டாபேஸ் வரை போய்வர வேண்டும். அது தூங்கிக்கொண்டிருந்தாலும் எர்ரர் மெசேஜ் உங்கள் பெயரில்தான் வரும்.

இப்போது 2010-க்குப் பின். இன்றைய யூட்யூப் குருக்கள் எல்லாரும் இந்த அலையின் பிள்ளைகள். 2006-ல் ஷாப்பிஃபை வந்து கடை திறப்பதைச் சுலபமாக்கியது. 2010-ல் அலிஎக்ஸ்பிரஸ் வந்து சீனப் பொருளை ஒவ்வொன்றாக வாங்க வழி செய்தது. ஓபர்லோ என்ற மென்பொருள் இரண்டையும் முடிச்சுப் போட்டது, 2017-ல் ஷாப்பிஃபை அதை வாங்கியது. ஃபேஸ்புக் விளம்பரமும் அப்போது மலிவு. ஆனால் மேடையைத் தாங்கிய இரண்டு தூண்களை யாரும் பேசுவதில்லை. ஒன்று தபால். சீனாவிலிருந்து வரும் சின்னப் பார்சலை அமெரிக்கத் தபால்துறை சர்வதேசத் தபால் ஒப்பந்த விகிதத்தில் மிக மலிவாக விநியோகித்தது. இன்னொன்று சுங்கம். வரியில்லாமல் வரும் பார்சலின் உச்சவரம்பை 2016-ல் 200 டாலரிலிருந்து 800 டாலராக ஏற்றினார்கள். அதாவது சியர்ஸுக்குத் தந்தி கிடைத்த மாதிரி இவர்களுக்குத் தபாலும் வரிவிலக்கும். அந்த 'இலவசம்' இதுதான்.

இரண்டு தூணும் விழுந்தன. 2018-ல் அமெரிக்கா தபால் ஒன்றியத்திலிருந்தே விலகப்போவதாக மிரட்டியது. 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் சமரசமாகி, 2020 ஜூலை முதல் அமெரிக்கா தன் விகிதத்தைத் தானே வைக்கத் தொடங்கியது. 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான இறக்குமதிக்குத் தந்த வாட் விலக்கை எடுத்தது. அதே வருஷம் ஆப்பிள், செல்பேசியில் ஆட்களைப் பின்தொடர அனுமதி கேட்டாக வேண்டும் என்றது, குறிபார்த்து விளம்பரம் போடுவது கஷ்டமானது. 2022-ல் ஓபர்லோவே மூடப்பட்டது. 2025 மே 2-ல் சீனா, ஹாங்காங் பார்சல்களுக்கும் ஆகஸ்ட் 29-ல் மற்ற நாடுகளுக்கும் அமெரிக்கா அந்த 800 டாலர் விலக்கை நிறுத்தியது. 2016-ல் சம்பாதித்தவர் பாடம் எடுத்தால், அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. அவர் நின்ற தரை இப்போது இல்லை, அவ்வளவுதான்.

சரி, கணக்குப் போடலாம். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பொருள் 30 டாலர். பொருளும் அனுப்பும் செலவும் 12. கார்டு கட்டணம் 2.9 சதவிகிதமும் 30 சென்ட்டும், ஆக 1.17. நூறில் ஐந்து பேருக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தந்தால் ஆர்டருக்கு 1.50. கடை வாடகை, மென்பொருள் என்று மாதம் 60 டாலர், மாதம் 100 ஆர்டர் என்றால் 0.60. மீதி 14.73. ஆஹா என்கிறீர்களா? விளம்பரம் இருக்கிறதே! ஒரு கிளிக் 30 சென்ட். நூறு பேர் வந்தால் 30 டாலர். அதில் மூன்று பேர் வாங்கினால் ஆர்டருக்கு 10 டாலர், கையில் 4.73. இரண்டே பேர் வாங்கினால் ஆர்டருக்கு 15 டாலர், ஒவ்வொரு ஆர்டருக்கும் 27 சென்ட் நஷ்டம்!

நூறில் மூன்றாவது ஆள் மனசு மாறினால் தொழில் கவிழ்கிறது. அந்த நூறு ஆர்டருக்கும் ஸ்க்ரீன்ஷாட்டில் 3000 டாலர் என்றுதான் காட்டும். கையில் 473-ஆ, இல்லை 27 டாலர் கைவிட்டுப் போனதா என்பதைக் காட்டாது. இதில் வருமான வரியும் உங்கள் ராத்திரி தூக்கமும் சேர்க்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவரின் தம்பி இதற்காக வேலையை விடப்போகிறார், வீட்டில் நகை அடகுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டதும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். 'முதலே வேண்டாம்' என்கிற தொழிலுக்கு எதற்கய்யா நகை? விளம்பரத்துக்கு! சரக்கில் போட்ட காசு விற்காவிட்டாலும் பாதி விலைக்காவது போகும். விளம்பரத்தில் போட்ட காசு அப்படியே ஆவி.

அப்போ பண்ணவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. சியர்ஸ், அமேசான், ஸாப்போஸ் மூன்றும் கையில் சரக்கில்லாமல் ஆரம்பித்தவைதான். ஜனங்கள் எதை வாங்குவார்கள் என்று குறைந்த செலவில் தெரிந்துகொள்ள அது ஒரு வழி. தெரிந்ததும் சரக்கைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். அதிலேயே தங்கி, அதுவே தொழில் என்று நம்பியது வேல்யூ அமெரிக்கா. ஆக, வேலையை விடாதீர்கள். திரும்பி வராவிட்டாலும் தாங்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். விற்கப்போகும் பொருளை முதலில் நீங்களே ஒன்று வரவழைத்து, எத்தனை நாளில், எந்த லட்சணத்தில் வருகிறது என்று பாருங்கள். முதல் ஆறு மாசம் லாபம் பூஜ்யம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கினவரே மறுபடி வந்து வாங்குகிறாரா என்று மட்டும் பாருங்கள். வந்தால் அந்த ஒரு பொருளில் பத்து வாங்கி வீட்டில் அடுக்குங்கள். வராவிட்டால் கடையை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுகிறவன், நிதி ஆலோசகன் இல்லை. கணக்கில் கூட்டல் தப்பு கண்டுபிடிப்பவர்களுக்கு ஒரு ஃபில்டர் காபி உண்டு. டிராப்ஷிப் பண்ண மாட்டேன், நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும் :-)