தடையும் விலக்கும்

ஒரு நாட்டின் வாயிற்காவலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பூட்டைப் பற்றியே எழுதுகின்றனர். யார் யார் உள்ளே வரக்கூடாது என்ற பட்டியலே வரலாறாகி விடுகிறது. பூட்டு என்று ஒன்று இருந்தால் திறவுகோலும் இருக்கவேண்டும். அது யார் கையில் இருந்தது, எவருக்குத் திறந்தது, எவருக்குத் திறக்க மறுத்தது என்பது தனியொரு வரலாறு. அமெரிக்க ஐக்கிய நாட்டுக் குடியேற்றச் சட்டத்தில் அத்திறவுகோலுக்குத் 'தடைவிலக்கு' என்று பெயர் சொல்லலாம். நுழையத் தகுதியற்றவர் எனச் சட்டமே ஒதுக்கிவிட்ட ஒருவரை, அக்குறையைப் பொறுத்து உள்ளே விட அரசுக்கு உரிமை தரும் ஏற்பாடு அது. நம்மவர் குடும்பங்களில் மகனோ மருமகளோ அந்நாட்டில் வாழ்வது இன்று புதுமையன்று. ஆதலின் இதன் கதையைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

தடைப் பட்டியல் சிறியதாகத்தான் தொடங்கிற்று. 1875-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றத் தண்டனை பெற்றோரையும், விபசாரத்துக்கெனக் கொண்டுவரப்படும் பெண்களையும் தடுத்தது. 1882-இல் சீனத் தொழிலாளருக்குக் கதவடைக்கப்பட்டது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் சித்தம் கலங்கியோரையும், பொதுமக்களுக்குச் சுமையாகக் கூடியவரையும் சேர்த்தது. 1891-இல் தொற்றுநோயாளர், ஒழுக்கக்கேடான குற்றம் புரிந்தோர், பலதார மணம் புரிந்தோர் ஆகியோர் இடம்பெற்றனர். இவற்றுள் இறுதியாகச் சொன்ன பிரிவு முஸ்லிம்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதன்று. ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த மோர்மன் சமயத்தாரைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால் 1907-இல் அது திருத்தப்பட்டபோது, பலதார மணத்தில் நம்பிக்கை உண்டு என்று ஒப்புக்கொள்பவரும் தடைக்குள் வந்தனர். செயலைத் தடுத்த சட்டம் எண்ணத்தையும் தடுக்கத் துணிந்தது.

விளைவை ஊகித்தல் எளிது. கப்பல் பயணிகளின் பட்டியலில் 'பலதார மணம் புரிந்தவரா?' என்று ஒரு கட்டமே இருந்தது. உதுமானியப் பேரரசின் நிலப்பகுதிகளிலிருந்து வந்து இறங்கிய ஒரு முஸ்லிம் இளைஞன் மணமே ஆகாதவனாக இருப்பான். உன் மார்க்கம் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை அனுமதிக்கிறதா என்று அதிகாரி கேட்பார். உண்மை உரைத்தால் திரும்பவேண்டும். மறுத்தால் தன் வேதத்தையே மறுத்ததாகும். இவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. அச்சொற்கள் தளர்ந்து, அந்நாட்டில் பலதார மணத்தை நடத்தவே வருபவருக்கு மட்டுமான தடையாகச் சுருங்கியது 1990-ஆம் ஆண்டில்தான்.

இந்திய முஸ்லிம்களும் அவ்வாயிலில் நின்றிருக்கின்றனர். வங்காளத்து ஹூக்ளிப் பகுதியைச் சேர்ந்த வணிகர்கள் பூத்தையல் துணிகளைச் சுமந்து அமெரிக்கக் கடற்கரை நகரங்களில் விற்றுவந்தனர். 1897-இல் அவர்களுள் பன்னிருவர் நியூயார்க் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிச் சட்டத்தின் பெயரால் நிறுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டனர். கூலிகள் அல்லர், சொந்தச் சரக்கோடு வந்த வணிகர்கள்! 1917-ஆம் ஆண்டுச் சட்டமோ இந்தியா உள்ளிட்ட ஆசியப் பெருநிலத்தையே வரைபடத்தில் கோடு போட்டு விலக்கிற்று.

இனித் திறவுகோலுக்கு வருவோம். துறைமுகத்தில் ஐயத்துக்குரியவர் எனத் தடுக்கப்பட்டவர் மூவர் கொண்ட சிறப்பு விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். விசாரணை பொதுமக்கள் பார்வைக்கு அப்பால் நடந்தது. இருவர் ஒத்தால் முடிவு. மேல்முறையீடு வாஷிங்டனில் இருந்த துறைச் செயலாளருக்குச் செல்லும். கொடிய தொற்றுநோய் என்று மருத்துவர் சான்றளித்துவிட்டால் அதுவும் இல்லை. 1907-ஆம் ஆண்டுச் சட்டம் இதில் ஒரு சிறு சாளரத்தைத் திறந்தது. பொதுச் சுமையாவார் என்றோ உடற்குறையுடையவர் என்றோ தடுக்கப்பட்டவரை, ஜாமீன் பத்திரம் பெற்றுக்கொண்டு உள்ளே விடலாம் என்றது. பணம் கட்ட உறவினர் உள்ளவர் பிழைத்தார்.

1917-ஆம் ஆண்டுச் சட்டம் கடுமைக்குப் பெயர்போனது. பதினாறு வயதைக் கடந்தோர் ஏதேனும் ஒரு மொழியில் 30 முதல் 40 சொற்கள் வரை படித்துக் காட்டவேண்டும் என்று விதித்தது அதுவே. எனினும், நுழைய உரிமை பெற்றவரின் மனைவி, தாய், பாட்டி, மணமாகாத மகள் ஆகியோருக்கு எழுத்தறிவுச் சோதனை இல்லை என்றது. மதக் கொடுமைக்கு அஞ்சி வந்தோருக்கும் அச்சோதனை இல்லை. அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஏழாவது வரம்புரை ஒன்று உண்டு. ஏழாண்டுகள் தொடர்ந்து அமெரிக்காவைத் தம் இல்லமாகக் கொண்டவர் வெளியே சென்று திரும்பும்போது தடைக்குரியவராகக் காணப்பட்டாலும், துறைச் செயலாளர் தம் விருப்புரிமையால் அவரை அனுமதிக்கலாம். ஒன்பதாவது வரம்புரை, தற்காலிகமாக வருவோருக்கு அத்தகைய சலுகையைத் தந்தது. பின்னாளைய தடைவிலக்குகள் அனைத்துக்கும் வேர் இவ்விரு வரம்புரைகளில் இருக்கிறது என்பது நம் கருத்து. சட்டம் 'வேண்டும்' என்று சொல்லவில்லை. 'லாம்' என்றே சொல்லிற்று. அந்த 'லாம்' இன்றுவரை மாறவில்லை.

1952-இல், அதிபர் ட்ரூமன் மறுப்பாணை இட்டும் காங்கிரஸ் அதனை மீறி நிறைவேற்றிய குடியேற்றச் சட்டம் பழைய தடைகளையெல்லாம் ஒரே பிரிவில், 212 என்ற எண்ணின் கீழ், தொகுத்தது. ஏழாவது வரம்புரை அங்கே 212(சி) ஆயிற்று. போருக்குப் பின் மற்றொரு சிக்கல் எழுந்திருந்தது. சோவியத் ஒன்றியத்துக்கு வலிந்து அனுப்பப்படுவோம் என்ற அச்சத்தில் பிறந்த நாட்டை மாற்றிச் சொல்லி அகதிகளாக வந்தோர் பலர். இளமையில் செய்த சிறு குற்றத்தால் மனைவி மக்களிடம் சேர முடியாதோரும் இருந்தனர். 1957-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்கு வழி கண்டது. பொய்யுரைத்த அகதியையும், குடிமக்களின் நெருங்கிய உறவினரையும் மன்னிக்க இடம் தந்தது. குற்றம் புரிந்தவரின் நெருங்கிய உறவினர், அவரை விலக்குவதால் 'கடுந்துன்பம்' அடைவராயின் மன்னிக்கலாம் என்றது. அவ்விரு சொற்களே பின்னர் ஆயிரமாயிரம் குடும்பங்களின் ஊழை எழுதின.

கடுந்துன்பம் என்றால் என்ன? சட்டம் சொல்லவில்லை. 1981-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், கொரிய நாட்டுத் தம்பதியர் ஒருவரின் வழக்கில் இதனை எடுத்துக்கொண்டது. நாடுகடத்தலை நிறுத்திவைக்கக் கோரிய வழக்கு அது. ஆயினும் சொல் ஒன்றே. அத்தம்பதியரின் குழந்தைகள் இருவரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள். அச்சொல்லுக்குக் குறுகிய பொருள் கொள்ள அட்டர்னி ஜெனரலுக்கு உரிமை உண்டு என நீதிமன்றம் தீர்த்தது. அன்று முதல் அதிகாரிகளின் முடிவுகளில் ஒரு வாய்பாடு வழங்கலாயிற்று: பிரிவும், வருமான இழப்பும், புது நாட்டில் பழகுவதன் சிரமமும் வழக்கமான துன்பங்கள், அவை தாமாகவே கடுந்துன்பம் ஆகா. மனைவியைப் பிரிவது வழக்கமான துன்பம் என்று எழுதிய கை எத்தகையதோ!

இன்றைய நடைமுறை இவ்வாறு செல்கிறது. குடியுரிமை பெற்ற மனைவி தன் கணவனுக்காக மனுச் செய்கிறாள், அது ஏற்கப்படுகிறது. கணவன் தன் நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணலுக்குச் செல்கிறான். அங்கே தடை வெளிப்பட்டால், எப்பிரிவின் கீழ் மறுக்கப்பட்டது என்று எழுதிய தாள் ஒன்றைத் தருவர். அத்தாளை வைத்துக்கொண்டு ஐ-601 என்னும் படிவத்தை நிரப்பி, தூதரகத்துக்கு அன்று, குடியேற்றத் துறைக்கு அனுப்பவேண்டும். 2012 ஜூன் வரை வெளிநாட்டிலேயே அதனைக் கொடுத்து அங்குள்ள அதிகாரியிடமே முடிவு பெறும் முறை இருந்தது. அதன்பின் மனுக்களெல்லாம் அமெரிக்காவுக்குள் ஓர் அஞ்சல் முகவரியில் திரட்டப்பட்டு, மனுதாரர் முகம் அறியாத அதிகாரிகளிடம் செல்கின்றன.

அவ்வதிகாரி முதலில் தடை விலக்கத்தக்கதா என்று பார்ப்பார். போதைப்பொருள் வணிகத்துக்கு விலக்கே இல்லை. 30 கிராமுக்கு மேற்படாத கஞ்சாவை ஒருமுறை தம் உபயோகத்துக்கு வைத்திருந்தவருக்கு உண்டு. தாம் அமெரிக்கக் குடிமகன் என்று பொய் சொல்லியவருக்கு, 1996-க்குப் பின், நிரந்தரமாகக் குடியேற விலக்கு இல்லை. அடுத்து, துன்பப்படுவோர் தகுதியுள்ள உறவினரா என்று பார்ப்பார். அதன்பின் துன்பத்தின் அளவு. மனைவி இங்கேயே இருந்து பிரிந்தால் என்னாகும், கணவனோடு அயல்நாடு சென்றால் என்னாகும் என்ற இருவகையுள் ஒன்றிலேனும் சான்று வேண்டும். மருத்துவர் கடிதம், வருமானக் கணக்கு, மனநல ஆய்வு, முதிய பெற்றோரைப் பேணும் பொறுப்பு, செல்லவேண்டிய நாட்டின் கலவர நிலை ஆகியவற்றைத் தனித்தனியாக அன்றி ஒருங்கே வைத்து எடைபோட வேண்டும் என்பது விதி. அவ்வளவும் நிறுவப்பட்ட பின்னரும் விருப்புரிமை என்னும் இறுதிப் படி உண்டு. நல்லவையும் அல்லவையும் தராசில் ஏறும். மறுத்தால் 30 நாட்களுக்குள் துறையின் மேல்முறையீட்டு அலுவலகத்தை நாடலாம்.

தகுதியுள்ள உறவினர் என்ற சொல்லில்தான் நெஞ்சை உறுத்தும் பகுதி ஒளிந்திருக்கிறது. 1996-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒரு புதிய தடையைப் படைத்தது. அனுமதியின்றி 180 நாட்களுக்கு மேல் தங்கி வெளியேறியவர் மூன்றாண்டுகளும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவர் பத்தாண்டுகளும் திரும்ப முடியாது. விலக்குக் கோரலாம், ஆனால் கணவன், மனைவி, பெற்றோர் ஆகியோரின் துன்பமே கணக்கில் வரும். பிள்ளையின் துன்பம் வாராது. குற்றத் தடைக்கான விலக்கில் மகனும் மகளும் உறவினராக எண்ணப்படுகின்றனர்; அனுமதியின்றித் தங்கியவன் வழக்கிலோ, பொய்யுரைத்தவன் வழக்கிலோ எண்ணப்படுவதில்லை. திருடியவனின் குழந்தை அழுவதைச் சட்டம் கேட்கும், காலம் கடந்து தங்கியவனின் குழந்தை அழுவதைக் கேளாது. வழக்கறிஞர்கள் குழந்தையின் நோயைத் தாயின் மனவேதனையாக மாற்றி எழுதுகின்றனர். அவ்வழியேதான் அது கோப்புக்குள் நுழைய முடியும். அதே சட்டம் பழைய 212(சி)-யையும் நீக்கிற்று. அதனை நம்பி முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களுக்கு அவ்வுரிமை தொடரும் என்று 2001-இல் உச்சநீதிமன்றம் காத்தது.

பத்தாண்டுத் தடையில் ஒரு விந்தை இருந்தது. வெளியேறினால்தான் தடை பிறக்கும். வெளியேறி நேர்காணலுக்குச் சென்றால்தான் விலக்குக் கோரலாம். ஆகவே பலர் வெளியேறவே அஞ்சி மறைந்து வாழ்ந்தனர். 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதி, அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டே முன்கூட்டித் தற்காலிக விலக்குப் பெற வழி செய்தது. 2016-இல் அது விரிவாக்கப்பட்டது. இதற்குரிய ஐ-601ஏ படிவம் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு இல்லை. ஏற்கப்பட்டாலும், தூதரக நேர்காணலில் வேறொரு தடை கண்டறியப்பட்டால் அது தானே இரத்தாகிவிடும். அப்போது மனுதாரர் வெளிநாட்டில் நிற்பார்.

சிலகாலம் மட்டும் வந்து போவோரின் வழி வேறு. அவர்களுக்குப் படிவத்தைவிடத் தூதரக அதிகாரியின் பரிந்துரையே முதன்மையானது. முடிவு செய்வது எல்லைக்காவல் துறை. 1978-இல் கானடா நாட்டுப் பெண்ணொருத்தியின் வழக்கில் மூன்று கேள்விகள் வகுக்கப்பட்டன: அவரால் சமுதாயத்துக்குத் தீங்கு நேருமா, முன்செய்த தவறு எத்துணைப் பெரியது, வர விரும்புவது எதற்காக. உறவினரைக் காணவும் ஊர் சுற்றிப் பார்க்கவும் விரும்பியதே போதிய காரணம் எனக் கொண்டு அவருக்கு அனுமதி கிடைத்தது. இத்துறையின் வழக்கேடுகளில் இத்துணை இயல்பான மனிதத்தன்மை நாம் அடிக்கடி காண்பதன்று.

நம் காலத்துக்கு மிக அருகிலுள்ள ஏடு 2017-ஆம் ஆண்டினது. அவ்வாண்டு செப்டம்பரில் அதிபர் ட்ரம்ப் வெளியிட்ட பிரகடனம் ஈரான், லிபியா, சிரியா, யெமன், சோமாலியா முதலிய நாட்டவரைத் தடுத்தது. அதிலும் விலக்கு இருந்தது. மறுத்தால் தகாத துன்பம் நேரும், வருவதால் பாதுகாப்புக்கு ஊறில்லை, நாட்டு நலனுக்கு உகந்தது என்று மூன்றையும் மனுதாரர் காட்டவேண்டும். ஆனால் நிரப்புவதற்கு ஒரு தனிப் படிவம் இல்லை. தூதரக அதிகாரியே நேர்காணலில் தீர்மானிப்பார். 2018 ஜூன் 26-இல் உச்சநீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் பிரகடனத்தை ஏற்றபோது, பெரும்பான்மையோர் இவ்விலக்கையும் ஒரு காரணமாகச் சுட்டினர். மாறுபட்ட நீதிபதி பிரேயர், ஏட்டில் உள்ளது நடைமுறையில் உண்டா என்று கேட்டார். முதல் மாதத்தில் தகுதியுடைய 6,555 விண்ணப்பதாரருள் இருவருக்கே விலக்கு ஏற்கப்பட்டது; நான்கு மாதங்களில் 430 ஆயிற்று என்று அரசு தெரிவித்தது. விலக்கு வழங்கத் தமக்கு உண்மையில் அதிகாரமே இல்லை என்று தூதரக அதிகாரி ஒருவர் அளித்ததாகச் சொல்லப்பட்ட பிரமாண வாக்குமூலத்தையும் அவர் எடுத்துக்காட்டினார்.

அப்பிரகடனம் 2021 ஜனவரி 20 அன்று இரத்து செய்யப்பட்டது. இழந்த ஆண்டுகள் அதனால் மீளவில்லை. 2020 ஜனவரி 20-க்கு முன் மறுக்கப்பட்டவர்கள் புதிதாக விண்ணப்பித்து மீண்டும் கட்டணம் செலுத்தவேண்டும் என்றும், அதன்பின் மறுக்கப்பட்டவர்கள் கட்டணமின்றி மறுபரிசீலனை கோரலாம் என்றும் அவ்வாண்டு மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. 2024 ஜூனில் மற்றொரு தீர்ப்பு வந்தது: கணவனுக்கு நுழைவு மறுக்கப்பட்டால், குடிமகளான மனைவிக்கு அதனை எதிர்க்க அரசமைப்பு வழங்கும் உரிமை எதுவும் இல்லை. 2025 ஜூனில் பன்னிரண்டு நாட்டவருக்கு மீண்டும் கதவடைத்த பிரகடனத்திலும், தனித்தனி நேர்வுகளில் விதிவிலக்கு அளிக்க அதிகாரிகளுக்கு இடம் வைக்கப்பட்டிருக்கிறது.