அசித்தும் மெய்யே

1882-ஆம் ஆண்டில், உள்பொருள் யாது என்னும் வினாவிற்குச் சென்னையில் இரண்டு விடைகள் எழுந்தன. சென்னை இலௌகிக சங்கத்தார் ‘தத்துவ விவேசினி’ இதழைத் தொடங்கிக் காணப்படும் இவ்வுலகே உண்மை என வாதிட்டனர். அவ்விதழ் 1888 வரை வெளிவந்தது. 1882-ஆம் ஆண்டின் இறுதியிலேயே பிரம்மஞான சபையார் அடையாற்றில் தலைமையிடம் அமைத்து, காணப்படாத ஆன்ம உலகை முன்னிறுத்தினர்.

இவ்விரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தேயாக வேண்டும் என்பது நம் பூர்வாசாரியர்களுக்கு உடன்பாடன்று. 14-ஆம் நூற்றாண்டில் விளங்கிய வேதாந்த தேசிகர் பரமதபங்கத்தில் ஜீவன், அசித்து, பரம்பொருள் ஆகிய மூன்று தத்துவங்களையும் நிலைநாட்டிய பின்னரே லோகாயதரை மறுக்கப் புகுகின்றார். இவ்வடைவு கருதத்தக்கது. சடப்பொருள் உண்டு என்றது லோகாயதர் குற்றமன்று. அது மாத்திரமே உண்டு என்றதே குற்றம்.

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு கூடியவிடத்துச் சிவப்புத் தோன்றுமாபோலே, பூதங்கள் கூடியவிடத்து அறிவு தோன்றும் என்பர் அவர். சிவப்பைக் கண்ணுடையார் அனைவரும் காண்பர். ஒருவனது அறிவோ அவனுக்கே தோன்றும். ‘இது’ என்று அறியப்படும் உடல், ‘நான்’ என்று விளங்கும் ஆத்மா ஆகாது என ஆளவந்தார் ஆத்மசித்தியில் வேறுபடுத்தினார்.

இந்நாளில் நாத்திகத்திற்கு விடையாக, ‘உலகமே பொய்’ என்பது மயிலாப்பூர் உபந்யாசங்களிலும் செவிப்படுவதுண்டு. அஃது எம்பெருமானார் தரிசனத்திற்கு ஒவ்வாது. உலகம் ஈசுவரனுக்குச் சரீரம். சரீரம் பொய்யாயின் சரீரி என்னும் சொல்லுக்குப் பொருள் யாது? அடியாரின் பசியும் அவர்க்கிடும் அன்னமும் மெய்யாதலாலன்றோ ததீயாராதனம் கைங்கரியமாகின்றது!