கமேலியாவைக் காத்த கைகள்



தேயிலைச் செடியை நாம் எல்லோரும் அறிவோம். அதன் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க செடி ஒன்று, இலைக்காக அன்றி மலருக்காகவே உலகத் தோட்டங்களில் போற்றப்பெறுகிறது. தாவர நூலார் இரண்டையும் ஒரே பேரினத்தில் அடக்கிக் 'கமேலியா' என்று வழங்குவர். அம் மலர்ச் செடியின் வரலாற்றையே இன்று சொல்ல எடுத்துக்கொண்டேன்.

பதினேழாம் நூற்றாண்டில் மொராவியா நாட்டில் பிறந்து, பிலிப்பைன்ஸ் தீவுகளில் மருந்துச் செடிகளை ஆராய்ந்து, 1706-இல் மணிலாவில் மறைந்தவர் கமெல் என்னும் துறவியார். அவர் நினைவாக லின்னேயஸ் இச்செடிக்குப் பெயர் சூட்டினார். ஆனால், செடியின் பிறப்பிடம் சீனமும் ஜப்பானும் ஆகும். என்றும் பசுமை மாறாத, மெருகிட்டாற்போன்ற இலைகள்; பிற செடிகள் உறங்கும் குளிர்காலத்திலும் இளவேனில் தொடக்கத்திலும் மலரும் பூக்கள்; இவையே இதன் சிறப்பு. புளிப்புத் தன்மையுள்ள மண்ணும், மிதமான நிழலும், வற்றாத ஈரமும் இருந்தால் போதும். தலைமுறைகள் கடந்தும் வாழும்.

ஐரோப்பியர் முதலில் இதன் இயல்பை உணரவில்லை. இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் வாழ்ந்த பீட்டர் பிரபு, கமேலியாவை அந்நாட்டில் முதன்முதலாக வளர்த்தவர்களுள் ஒருவர். தொலைவான கீழ்த்திசையிலிருந்து வந்த செடி வெப்பத்தையே விரும்பும் என்று கருதி, கணப்பு மூட்டிய கண்ணாடி வீட்டில் வைத்தார். குளிரைத் தாங்கவல்ல செடிகள் வெப்பத்தால் மாண்டன. அன்பு மிகுதியும் சில வேளைகளில் கேடாக முடியும் என்பதற்கு இதுவே சான்று. 1742-இல் பிரபுவும் காலமானார்.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1792-இல், 'கர்நாட்டிக்' என நம் தென்னாட்டுப் பகுதியின் பெயரைத் தாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்று, சீனத்திலிருந்து இரு வகைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றது. ஒன்று, அடுக்கடுக்கான வெள்ளை இதழ்களையுடைய 'ஆல்பா பிளீனா'. மற்றொன்று, செம்மையும் வெண்மையும் கலந்தது. அன்று முதல் செல்வர்களிடையே கமேலியா மோகம் பரவிற்று. ஒற்றை அடுக்கு, அரை அடுக்கு, முழு அடுக்கு எனப் பூக்கள் பல்கின. இலண்டனில் ஆல்ஃபிரட் சாண்ட்லர் என்பவர் விதையிலிருந்து புதிய வகைகளை உண்டாக்கினார். பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து வெர்ஷாஃபெல்ட் என்பவர், 1848 முதல் 1860 வரை வெளியிட்ட பதின்மூன்று தொகுதிகளில் 623 வண்ணப்படங்களை அச்சிட்டார். அதே 1848-இல் இளைய டூமா கமேலியாவைத் தலைப்பிலேயே வைத்து ஒரு புதினம் எழுதினார் என்றால், அம்மலரின் செல்வாக்கை என்னென்பது!

இங்கே ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்க வேண்டும். முழு அடுக்குப் பூக்களில் மகரந்தக் கேசரங்கள் காணப்படுவதில்லை. அவ்விடத்தையும் இதழ்களே நிரப்பிவிடுகின்றன. ஆதலால் அவற்றிடம் விதையை எதிர்பார்ப்பதற்கில்லை. பிற வகைகளில் கிடைக்கும் விதையும் தாயைப் போன்ற சேயைத் தருவதில்லை. எனவே ஒரு வகை அழியாதிருக்க வேண்டுமானால், போத்து நட்டோ, பதியனிட்டோ, ஒட்டுக்கட்டியோ ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு அது போய்க்கொண்டே இருத்தல் வேண்டும். கை ஓய்ந்தால் வகையும் ஓய்ந்தது.

கைகள் ஓயத்தான் செய்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்வரின் நாட்டம் வேறு மலர்களின்பால் திரும்பிற்று. கண்ணாடி வீடுகள் கவனிப்பாரின்றிப் பாழாயின. படத்தில் எஞ்சிப் பூவில் எஞ்சாத வகைகள் பல.

ஆயினும் சில பிழைத்தன. 1804-இல் ஜான் மிடில்மிஸ்ட் என்னும் நாற்றுப்பண்ணைக்காரர் சீனத்திலிருந்து தருவித்த 'மிடில்மிஸ்ட் ரெட்' அவற்றுள் ஒன்று. பெயரில் சிவப்பு என்றிருந்தாலும் பூவின் நிறம் ஆழ்ந்த இளஞ்சிவப்பேயாகும். இன்று அது உலகில் இரண்டே இடங்களில் அறியப்படுகிறது: இலண்டனின் சிசிக் மாளிகையின் கண்ணாடிக் கூடத்திலும், நியூசிலாந்தின் வைடாங்கியிலும். அது தோன்றிய சீனத்தில் அதனைக் காண்பார் இல்லை. கடல்கடந்து சென்ற செடிகளே இன்று அவ்வகைக்குக் காவலாக நிற்கின்றன.

இருபதாம் நூற்றாண்டு பழைய பிழையைத் திருத்திற்று. ஜார்ஜ் ஃபாரஸ்ட் சீனத்து யூனான் மலைகளில் திரட்டிய காட்டினம் ஒன்றை, கார்ன்வாலில் ஜே. சி. வில்லியம்ஸ் என்பவர் ஜப்பானியக் கமேலியாவுடன் கலந்து புதிய கலப்பினங்களைப் படைத்தார். அவை கண்ணாடிக் கூரையை வேண்டாமல் திறந்த வெளியிலேயே தாராளமாகப் பூத்தன. அதன் பின்னர் எளிய இல்லத்தார் தோட்டத்துக்கும் கமேலியா வந்து சேர்ந்தது.

மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகள் காக்கின்றன. மலர்களின் வரலாற்றைக் காப்பவை தோட்டக்காரரின் கைகளே. அவர்களுள் பெரும்பாலோர் பெயர்கூட எந்த ஏட்டிலும் இல்லை. உங்கள் புறக்கடையில் எங்கும் காணக்கிடைக்காத செடி ஒன்று இருக்குமானால், அதனை நீங்கள் மட்டுமே வைத்திருப்பதைப் பெருமையாகக் கருதாதீர்கள். ஒரு போத்து முறித்து அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள். உங்கள் செடி பட்டுப்போகும் நாளில், அதைத் திரும்பக் கேட்டுப் பெற ஓர் இடம் இருக்கும்.