மொட்டைக் குன்று

வேல்ஸ் நாட்டின் வடமேற்கே ஆங்கில்ஸி என்றொரு தீவு. அதன் கீழைக் கரையில், சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே கூழாங்கல்லைப் பரப்பிக்கொண்டு ஒதுங்கியிருக்கும் சிற்றூர் மோயில்வ்ரே. அவர்கள் மொழியில் ‘மொட்டைக் குன்று’ என்று பொருளாம். எதிரே, கடற்பறவைகளுக்கென்றே விட்டுவைத்தாற்போல் ஒரு குட்டித் தீவு. மேல்காற்று எவ்வளவு சீறினாலும் ஆங்கில்ஸியின் உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். கரையோரம் கப்பல்கள் நிம்மதியாக நங்கூரம் பாய்ச்சலாம். காற்று வடகிழக்குக்குத் திரும்பினால் மட்டும் அந்த அடைக்கலமே பொறியாகிவிடும்.

1859 அக்டோபர் 25-ந் தேதி இரவு அப்படித் திரும்பியது. மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்கு வந்துகொண்டிருந்தது ‘ராயல் சார்ட்டர்’ என்ற இரும்புக் கப்பல். ஆஸ்திரேலியாவில் பொன் தேடி, கிடைத்ததை இடுப்பில் முடிந்துகொண்டு வீடு திரும்பியவர்கள் அதில் பலர். லிவர்பூல் ஒரு நாள் தூரம்கூட இல்லை. நள்ளிரவுக்குப் பின் நங்கூரச் சங்கிலிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. பாய்மரங்களை வெட்டிச் சாய்த்தும் பயனில்லை. விடிந்ததும், பொங்கிய கடல் கப்பலைப் பாறையில் மோதிப் பிளந்தது. மால்டாக்காரனான ஜோசப் ராஜர்ஸ் என்ற மாலுமி கயிற்றோடு நீந்திக் கரையேறினான். ஊரார் அலைக்குள் கைகோத்து நின்று அகப்பட்டவர்களை இழுத்தார்கள். மாண்டவர்கள் சுமார் 450. பிழைத்தவர்கள் ஏறக்குறைய நாற்பது. அவர்களில் ஒரு பெண்ணில்லை, ஒரு குழந்தையில்லை.

இடுப்புப் பொன்னின் கனமே ஆட்களை அமிழ்த்திற்று என்பார்கள். கதை எழுதுகிறவனுக்குத் தோதான விஷயந்தான். ஆனால் பொன்னைச் சுமக்காத குழந்தைகளும் போனார்களே! பெரும்பாலோரைக் கொன்றது பாறை.

சில வாரங்களுக்குப் பின் சார்லஸ் டிக்கன்ஸ் அங்கே போனார். அவர் மனத்தைக் கவர்ந்தவர் பக்கத்துத் தேவாலயத்துப் பாதிரியார் ஸ்டீபன் ரூஸ் ஹியூஸ். கரை ஒதுங்கிய பிரேதங்களைத் தேவாலயத்துக்குள்ளேயே கிடத்தி, பொத்தான், பச்சைகுத்து, தலைமயிர் என்று அடையாளம் தேடி, உறவினருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார் அந்த மனிதர். 1862-ல் காலமானார், ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை. டார்வினைக் கப்பலேற்றிச் சென்ற ஃபிட்ஸ்ராய், 1861-ல் துறைமுகங்களுக்குத் தந்தி வழியே புயலெச்சரிக்கை அனுப்பத் தொடங்கியதும் இந்த விபத்தின் விளைவே.

இனிச் சொல்லப்போவதை நாவலில் எழுதினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். 1959 அக்டோபர் 27. நூறு வருஷமும் ஒரு நாளும் ஆகியிருந்தன. அதே கடலோரம், அதே பேய்க்காற்று; ‘ஹிண்ட்லீ’ என்ற சரக்குக் கப்பல் நங்கூரம் இழுபட்டுப் பாறையை நோக்கி நகர்ந்தது. ஊர்க்காரர் ரிச்சர்ட் எவன்ஸ், நாலே துணைவர்களோடு, மாற்று உயிர்காப்புப் படகொன்றில் புறப்பட்டார். ஒரு தடவை அலை படகையே தூக்கிக் கப்பலின் மேல்தளத்தில் வைத்தது. அடுத்த அலை இறக்கிவிட்டது. பத்து முறை கப்பலை அணைந்தார். எட்டுப் பேரும் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். எட்டுப் பேரும் பிழைத்தார்கள்.