வல்கன் மனிதனின் கண்ணீர்

1966 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆரம்பமான 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் ஸ்பொக் என்றொரு பாத்திரம். தந்தை வல்கன் கிரகத்தவர். தாய் பூமியைச் சேர்ந்தவள். வல்கன்கள் உணர்ச்சியற்றவர்கள் என்பர். நான் உடன்படேன். சினத்தாலும் போராலும் அழியவிருந்த அவ்வினத்தார், சுராக் என்னும் ஞானியின் வழிநின்று தருக்கத்தைக் கைக்கொண்டனர் என்பதே கதை. இல்லாத ஒன்றை எவரும் அடக்குவதில்லையே!

அவ்வாண்டே ஒளிபரப்பான ஒரு கதையில், மனக்கட்டுகளைத் தளர்த்தும் தொற்றொன்று விண்கலத்திற் பரவுகிறது. ஸ்பொக்கையும் அது பற்றுகிறது. லெனார்ட் நிமோய் நடித்த காட்சி அது. தனியறையுட் புகுந்து அழுகிறான். மெய்ப்பாட்டியல் படிப்பிக்கும் என்னை அவ்வழுகையைவிட உலுக்கியது, இடையிடையே இரண்டு, நான்கு, ஆறு என்று எண்ணித் தன்னை மீட்க அவன் படும் பாடுதான். பின்னர்க் கப்டனிடம் காரணத்தைச் சொல்கிறான்: தாயிடம் தன் அன்பை ஒருநாளும் கூற முடியவில்லையாம்.