பிரைட் ஊர்வலமும் திருச்சபையும்

ஐக்கிய அமெரிக்காவின் பெருநகரங்களிலே ஆண்டுதோறும் நடைபெறும் பிரைட் ஊர்வலங்களில், தம் ஆலயத்தின் பெயர் பொறித்த பதாகையுடன் கிறிஸ்தவ சபையார் நடந்து செல்வதும், வீதியோரத்தில் நின்று வருவோரை வரவேற்பதும் வழக்கமாகிவிட்ட காட்சிகளாகும். தன்பாலீர்ப்புடையோர் தமது உரிமைகளை வென்றெடுத்த பின்னர் திருச்சபை காலந்தாழ்த்தி வந்து சேர்ந்துகொண்டது என இதனைக் கருதுவோர் பலர். திருச்சபைகளுட் பெரும்பாலானவற்றைப் பொறுத்தவரை அக்கருத்து பொருந்துவதே. ஆயினும், அவ்வூர்வலங்களுள் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்றின் தோற்றத்திலேயே ஒரு போதகரின் பங்கு இருந்தது என்பது பலரும் அறியாத செய்தியாகும்.

இதற்கு முன்னோடியான நிகழ்ச்சியொன்று சான் பிரான்சிஸ்கோவில் இடம்பெற்றது. 1964ஆம் ஆண்டில் அந்நகரின் புரட்டஸ்தாந்து குருமார் சிலர் தன்பாலீர்ப்பாளர் சங்கங்களுடன் இணைந்து ஒரு மன்றத்தை அமைத்தனர். அதற்கு நிதி திரட்டும் பொருட்டு 1965 சனவரி முதலாம் நாளன்று கலிபோர்னியா மண்டபத்தில் நடன விருந்தொன்று நடைபெற்றபோது, பொலிசார் வாயிலில் நின்று உள்ளே சென்றோர் ஒவ்வொருவரையும் படம் பிடித்தனர். சட்டத்தரணிகள் சிலரைக் கைதும் செய்தனர். அங்கு வந்திருந்த குருமார் இவற்றைத் தம் கண்களாலேயே கண்டனர். மறுநாள் அவர்கள் செய்தியாளரைக் கூட்டிப் பொலிசாரைக் கண்டித்தனர். தன்பாலீர்ப்பாளர் காலமெல்லாம் முறையிட்டும் ஏறாத செய்தி, குருமார் வாயிலாக வந்தபோது ஊராரின் செவியில் ஏறிற்று. இது குருமாருக்குப் பெருமை தருவதாயினும் ஊராருக்குப் பெருமை தருவதன்று.

லொஸ் ஏஞ்சல்சில் நிகழ்ந்தது இதனினும் வேறுபட்டது. பெந்தகோஸ்தே சபையொன்றிற் போதகராயிருந்து, தன்பாலீர்ப்பின் காரணமாக அப்பணியை இழந்தவர் ட்ரோய் பெரி. 1968 ஒக்டோபர் 6ஆம் நாள் அவர் தமது வீட்டில் நடத்திய முதல் ஆராதனைக்கு வந்தோர் பன்னிருவர். அச்சிறு கூட்டமே மெட்ரோபொலிட்டன் சமுதாயத் திருச்சபையாக வளர்ந்தது. 1969 யூன் மாதம் நியூயோர்க்கின் ஸ்டோன்வோல் மதுச்சாலையில் மூண்ட எதிர்ப்பின் முதலாண்டு நிறைவைக் கொண்டாட விழைந்த பெரியும், மொறிஸ் கைட், பொப் ஹம்பிரிஸ் ஆகிய இருவரும், ஹொலிவூட் பெருந்தெருவில் ஊர்வலம் செல்ல அனுமதி கோரினர். நகரப் பொலிஸ் அதிபர் எட்வேட் டேவிஸ், இதற்கு இடமளிப்பது திருடருக்கும் கொள்ளையருக்கும் ஊர்வல அனுமதி வழங்குவதை ஒக்கும் என்னும் கருத்துப்படப் பேசினார். பொலிஸ் ஆணைக்குழு 10 இலட்சம் டொலருக்கும் 5 இலட்சம் டொலருக்குமாக இரு பிணைப் பத்திரங்களையும், காவற்செலவுக்கென 1,500 டொலரையும் கேட்டது. வழக்கு நீதிமன்றம் சென்றது. ஏனைய ஊர்வலங்களுக்குப் போன்றே இதற்கும் பொலிசார் காவல் வழங்கவேண்டுமென நீதிபதி கட்டளையிட்டார். 1970 யூன் 28ஆம் நாள் ஊர்வலம் நடந்தேறியது.

இந்த வரவேற்புக்கு விலை கொடுக்கவேண்டியிருந்தது. 1971இல் அச்சபையார் லொஸ் ஏஞ்சல்சில் அர்ப்பணித்த ஆலயம் 1973 சனவரியில் தீக்கிரையாயிற்று. அதே ஆண்டு யூன் 24ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை மாலை, நியூ ஓர்லியன்ஸ் நகரின் பிரெஞ்சுக் குடியிருப்பில், ஒரு கட்டடத்தின் மேல்மாடியிலிருந்த அப்ஸ்டெயர்ஸ் லவுஞ்ச் என்னும் மதுச்சாலையில் தீ வைக்கப்பட்டது. அச்சபையின் நியூ ஓர்லியன்ஸ் கிளையைச் சேர்ந்தோர் பலர் அன்று அங்கே கூடியிருந்தனர். யன்னல்களிற் கம்பிகள் பொருத்தப்பட்டிருந்தமையாற் பலரால் வெளியேற முடியவில்லை. 32 பேர் மாண்டனர். அவர்களுட் சபைப் போதகர் பில் லார்சனும் ஒருவர். வானொலியில் இதனைக் கேலி செய்தோரும் உண்டு. இறந்தோருட் சிலரின் உடல்களைப் பொறுப்பேற்க உற்றார் எவரும் முன்வரவில்லை.

துக்க ஆராதனைக்கு இடங்கேட்டபோது நகரின் ஆலயங்கள் பல கதவடைத்தன. தீ நிகழ்ந்ததற்கு மறுநாளே சென் ஜோர்ஜ் எப்பிஸ்கோப்பல் ஆலயத்தின் குரு வில்லியம் றிச்சட்சன் மட்டும் தம் ஆலயத்திற் சிறியதொரு செபக் கூட்டத்தை அனுமதித்தார். அதன்பொருட்டு அவருடைய ஆயரே அவரைக் கடிந்துகொண்டார். வெறுப்புக் கடிதங்களும் வந்து குவிந்தன. நகர வீதியில் ஆயிரம் பேருடன் நடப்பது எளிது. தன் சபையாரும் மேலதிகாரியும் முகஞ்சுளிக்க, ஒரு மாலைப்பொழுதில் ஆலயக் கதவைத் திறந்துவிடுவது அத்துணை எளிதன்று. வரவேற்பு என்னும் சொல்லுக்கு ஊர்வலங்களைவிட அந்தச் செபக் கூட்டமே பொருத்தமான சான்றெனல் மிகையன்று. மாண்டோரை நோக்கி நியூ ஓர்லியன்சின் கத்தோலிக்கப் பேராயர் வருத்தம் தெரிவிக்க 2013ஆம் ஆண்டுவரை செல்லவேண்டியிருந்தது. நகரசபை மன்னிப்புக் கோரியது 2022இலேயே.

1973 யூலை முதலாம் நாள், சென் மார்க் ஐக்கிய மெதடிஸ்த ஆலயத்தில் பெரியதொரு நினைவு ஆராதனை நடைபெற்றது. மெதடிஸ்த ஆயர் பினிஸ் கிரச்பீல்டும் அங்கு வந்திருந்தார். ஆராதனை முடியுந் தறுவாயில், வெளியே தொலைக்காட்சிப் படப்பிடிப்பாளர் காத்துநிற்கும் செய்தி உள்ளே எட்டியது. முகம் வெளிப்பட்டால் தொழிலையும் குடும்பத்தையும் இழக்கக்கூடியோரே அங்கிருந்தோரிற் பலர். பக்கவாயில் வழியாகச் செல்ல விரும்புவோர் செல்லலாம் என அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. ஆராதனையை நடத்துதற்கு லொஸ் ஏஞ்சல்சிலிருந்து வந்திருந்த ட்ரோய் பெரி பின்னாளிற் கூறியவாறு, ஒருவரேனும் அவ்வழியாற் செல்லவில்லை; அனைவரும் முன்வாயிலாலேயே வெளியேறினர்.